துளிர்க்காத கிளுவை

கன்னிவாடியிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை துண்டைச் சுற்றியிருந்தேன். ரத்தம் ஊறிக் காய்ந்து, துண்டு தோலோடு ஒட்டிவிட்டது. கையைத் தொங்கப்போட்டால் தெறித்தது. அதனால் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தேன். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்று, "யாருப்பா செத்தது?" என்று கேட்டார். தலையில் கை வைத்துக்கொண்டு போகிறவனை அப்படித்தான் கேட்பார்கள்.

"யாரும் சாகல."

"பெறகு என்ன இந்தக் கோலம்?"

"வேலி கட்டப் போனேன்."

அவர் பெடலை மிதித்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பதில் போதும்.

எனக்குப் பின்னால் இரண்டு மைல் தள்ளி ஒரு மாந்தோப்பு இருந்தது. கிழக்கிலும் மேற்கிலும் கிளுவை வேலி துளிர்த்துப் பச்சையாக நின்றது. தெற்குப் பக்கம் மட்டும் கல்லுக்கால் ஊன்றி முள்கம்பி கட்டியிருந்தோம். அதிலும் ஒரு மாட்டுவண்டி நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி மிச்சமிருந்தது. அங்கே அறுந்த கம்பி சுருண்டு கிடந்தது. "பொழுது சாயறதுக்குள்ள அத மூடிட்டுப் போடா" என்று சொல்லிவிட்டுத் தோப்பு முதலாளி ஜீப்பில் ஏறினார். என் கையிலிருந்து ரத்தம் சொட்டியது அவர் கண்ணில் பட்டதா தெரியாது. ஜீப் மறைந்ததும் கடப்பாரையைப் போட்டுவிட்டு நடந்துவிட்டேன்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். எந்த வேலையிலும் ஒரு வருடத்துக்குமேல் தங்கியதில்லை. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்றேன். விரல் இடுக்கெல்லாம் வெந்து, சோற்றைப் பிசைய முடியாமல் போனதும் கிளம்பினேன். அதற்குப் பிறகுதான் வேலி வேலை. தொண்ணூறுகளின் நடுவில் டவுனில் இருந்தவர்கள் கையில் பணம் புழங்கிய நேரம். அடிவாரத்திலும் சமவெளியிலும் கிடைத்த நிலத்தையெல்லாம் வாங்கினார்கள். பத்திரம் முடிந்த வாரமே வேலிக்கு ஆள் தேடுவார்கள். உள்ளே என்ன பயிர் வைப்பது என்றுகூட யோசித்திருக்க மாட்டார்கள். ஆடு வரக் கூடாது, விறகு பொறுக்குகிறவர்கள் வரக் கூடாது, ஒதுங்க வருகிறவர்கள் வரக் கூடாது.

எங்கள் மேஸ்திரி ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள். முதலாளிகளிடம் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவார். எங்களிடம் அந்த 'ங்க' கிடையாது. என் படிப்பைக் கேட்டதிலிருந்து எனக்கு 'ஏழாப்பு' என்று பெயர் வைத்துவிட்டார். வேலையில் கெட்டி. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நூல் பிடித்தாரென்றால் அரை மைலுக்குக் கல்லுக்கால் அசையாமல் ஒரே கோட்டில் நிற்கும். இரக்கம் என்பதை அவரிடம் நான் பார்த்ததில்லை. சிறுமலை அடிவாரத்தில் ஓர் எலுமிச்சைத் தோட்டத்துக்குக் கம்பி கட்டிக் கொடுத்துவிட்டு, பக்கத்துத் தோட்டத்தில் குழி தோண்டிக்கொண்டிருந்தோம். பன்றிக்கு என்று சொல்லி அந்தத் தோட்டக்காரர் மோட்டார் ரூமிலிருந்து கரண்டு இழுத்து எங்கள் கம்பியில் மாட்டியிருக்கிறார். காலையில் போய்ப் பார்த்தால், மாடு தேடி வந்த ஓர் ஆள் கம்பியில் நெஞ்சைக் கொடுத்துத் தொங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. சட்டை பொசுங்கிய வாடை. மேஸ்திரி கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு எங்களிடம் திரும்பி, "ஒரு ஆளு வெயிட்டுக்கும் தொய்யலீல்லடா? அதுதான் நம்ம இழுப்பு" என்றார். அன்றைக்கும் மத்தியானம் நாங்கள் சாப்பிட்டோம்.

இந்த மாந்தோப்பை வாங்கியவருக்குத் திண்டுக்கல் பக்கம் செங்கல் சூளை. தோப்புக்கு வடக்கே ரோடு. ரோட்டை ஒட்டிப் பிறகு சுவர் எழுப்பிக்கொள்வதாகச் சொன்னார். மற்ற மூன்று பக்கமும் எங்கள் வேலை. தோப்புக்குத் தெற்கே ஒரு பெண்ணுக்கு ஒரு ஏக்கர் சம்பங்கித் தோட்டம் இருந்தது. நாற்பது வயது இருக்கும். கணவர் போர்வெல் லாரியோடு வடக்கே போனவர். வருடத்துக்கு ஒரு தடவை வந்தால் உண்டு. கூட இருந்தது கொழுந்தன் ஒருவர்தான். அவளுடைய தோட்டத்தை மற்ற பக்கங்களில் ஓடை வளைத்துக்கொண்டு போகும். ஓடைக்கரை இரண்டு ஆள் உயரம், செங்குத்து. ஆகவே அவள் ரோட்டுக்கு வர ஒரே வழி, மாந்தோப்பின் ஓரமாக வடக்கே போகும் ஒற்றையடித் தடம்தான். தோப்பை விற்ற பழைய ஆள் அதை ஒரு நாளும் தடுத்ததில்லை. சூளைக்காரர் பத்திரத்தை விரித்துக் காட்டினார். "இதுல தடம்னு எங்கயாச்சும் போட்டுருக்கா?"

சம்பங்கியை விடிவதற்கு முன்னால் மொட்டாகப் பறித்து, ஈரச் சாக்கைப் போர்த்தி, முதல் பஸ்ஸில் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு ஏற்ற வேண்டும். ஒரு நாள் தவறினால் அன்றைய பூ மாட்டுக்குத்தான். தடம் போனால் அந்தத் தோட்டமே போய்விடும். அதைச் சூளைக்காரருக்கே வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். அதற்காகத்தான் அடைக்கிறார் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அவர் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. காய்ந்த முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தால் யார் வேண்டுமானாலும் இழுத்துப் போட்டுவிட்டு நடப்பார்கள். கிளுவையை நட்டு, அது துளிர் விட்டுவிட்டால் பிறகு ஒருவரும் கை வைக்க மாட்டார்கள். உயிர்வேலியைப் பிடுங்கினால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். எல்லைச் சண்டை ஊர்க்கூட்டத்துக்கு வந்தால், முதல் கேள்வியே 'துளிர்த்திருச்சா?' என்பதுதான். துளிர்த்துவிட்டால் அதுதான் எல்லை. தடத்துக்கும் இதே கணக்கு: நடமாட்டம் இருக்கும்வரை தடம், நின்றுபோனால் வெறும் மண். இதை முதலாளிக்கு எடுத்துச் சொன்னவர் மேஸ்திரி. "கம்பியெல்லாம் வேண்டாமுங்க. கிளுவையப் போட்டுட்டா ஒரு மழைக்குத் துளுத்துக்குமுங்க. அப்பறம் ஊரே வந்து உங்க வேலிக்குக் காவல் நிக்குமுங்க."

கிளுவைக் கிளைகளைப் போத்துகளாக வெட்டி, நிழலில் போட்டு, பால் வற்றியதும் நட்டோம். அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டுவது வழக்கம். எது மேல் எது கீழ் என்று குழம்பாமல் இருக்கத்தான். தலைகீழாக நட்டால் வேர் பிடிக்காது. கிழக்கும் மேற்கும் மற்றவர்கள் நட்டார்கள். தெற்குப் பக்கம் முழுக்க நான் நட்டது. ஆடிச் சாரல் விழுந்தது. கிழக்கில் துளிர்த்தது, மேற்கில் துளிர்த்தது. என் பக்கம் மட்டும் குச்சி குச்சியாகவே நின்றது.

தோப்பு மோட்டார் ரூமில்தான் படுத்துக்கொள்வேன். ஒரு நாள் விடியற்காலையில் தெற்குப் பக்கம் ஒதுங்கப் போனேன். வேலியில் ஆள் நடமாட்டம் தெரிந்தது. அவள்தான். தலையில் பூக்கூடை. இடது கையில் அரிவாள். வலது கையால் ஒவ்வொரு போத்தாகப் பிடித்து, பாட்டில் மூடியைத் திருகுவது போல ஒரு சுற்று திருகிவிட்டுக்கொண்டே வந்தாள். முளைவிட்ட சல்லிவேர் அதில் அறுந்துவிடும். வெளியே பார்த்தால் போத்து நட்டது நட்டபடி நிற்கும். தடத்துக்கு நேரே வந்ததும் மூன்று போத்துகளைப் பிடுங்கினாள், இந்தப் பக்கம் வந்தாள், கூடையை இறக்காமலே குனிந்து மூன்றையும் பழைய குழியில் ஊன்றி மிதித்தாள். இத்தனை நாளும் இப்படித்தான் போய்வந்திருக்கிறாள். முதலாளி அவள் ஓடையில் இறங்கி ஏறிப் போவதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்துவிட்டாள். அரிவாள் கை மாறியது.

"யார்லே அது?"

"வேலை ஆளு."

"குண்டி கழுவ வந்தவன் கழுவிட்டுப் போயிரணும். வேலியப் பாக்கக் கூடாது."

"நான் ஒண்ணும் பாக்கலக்கா."

"இந்தப் பக்கம் நட்டது நீயா?"

"ஆமா."

"நல்லாத்தேன் நட்டுருக்க. தினமும் திருகித் திருகி எனக்குக் கை கடுக்குது. கொஞ்சம் லூசா நட்டுருந்தா என்னவாம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

அடுத்த வாரம் முதலாளி வந்தார். தெற்கு வேலியைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி ஒரு போத்தைப் பிடுங்கினார். அடியில் ஒரு வேர் கிடையாது. சாய்வாக வெட்டிய முனைதான் கீழே இருந்தது. சரியாகத்தான் நட்டிருக்கிறேன் என்பது அவருக்கு ஒரு பார்வையில் தெரிந்திருக்கும். ஆனால் முதலாளி பக்கத்தில் நிற்கிறார், யாராவது ஓர் ஆள் தவறு செய்திருக்க வேண்டும். "தலகீழா நட்டுப்போட்டானுங்க, படிச்ச பையன்" என்று சொல்லிவிட்டு அதே போத்தால் என்னை அடித்தார். கிளுவையில் முள் உண்டு. முதுகில் இறங்கிக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். நான் கீழே விழுந்ததும் முதலாளியும் செருப்புக் காலால் இடுப்பில் இரண்டு உதை விட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அடி அவளுக்குப் போயிருக்கும். ஏன் சொல்லவில்லை என்று இப்போதும் எனக்குத் தெளிவாகத் தெரியாது. அவள்மேல் இரக்கம் என்று சொல்ல முடியாது. மேஸ்திரி காரணம் புரியாமல் முழித்துக்கொண்டு நின்றது எனக்குப் பிடித்திருந்தது. அது ஒரு காரணமாக இருக்கலாம்.

சாயங்காலம் மேஸ்திரி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டார்.

"ஆருடா திருகறது?"

"எனக்குத் தெரியாது."

"வாங்குனது பத்தலியா?"

"போதும்."

"சரி, உடு. கம்பிய ஆரும் திருக முடியாது."

கல்லுக்கால்கள் டிராக்டரில் வந்து இறங்கின. கிளுவைப் போத்துகளைப் பிடுங்கி எரித்துவிட்டுக் குழி தோண்டினோம். தடத்தின் ஓரத்தில் தோண்டிய குழிக்குள் அவள் வந்து காலை விட்டு உட்கார்ந்துகொண்டாள். மடியில் வெற்றிலை. "இதுக்குள்ள கல்ல எறக்கணும்னா என் தலைமேல எறக்குங்க" என்றாள். மேஸ்திரி சிரித்துக்கொண்டே, "ஏனுங்க அக்கா, ரெண்டு அடிதானுங்க ஆழம். உக்காந்தா இடுப்பு வரைக்கும் வராதுங்க" என்றார். முதலாளி சிரிக்கவில்லை. சூளையிலிருந்து இரண்டு ஆட்களைக் கூட்டி வந்திருந்தார். அவர்கள் அவளுடைய முடியைப் பிடித்துத் தூக்கினார்கள். ஒருவன் கையை அவள் கடித்தாள். அவன் கூச்சல் போட்டு அவள் வாயில் குத்தினான். அவளை அவள் தோட்டத்து வரப்பு வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்ப் போட்டார்கள். நாங்கள் கல்லை இறக்கி, சல்லி போட்டு, கெட்டித்தோம். அவள் வரப்பில் உட்கார்ந்து ரத்தத்தைத் துப்பிக்கொண்டே, கல்லுக்கால் நிமிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு பக்கமிருந்தும் கம்பி கட்டிக்கொண்டே வந்தோம். தடத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டார் மேஸ்திரி. அதுவரை அவள் தினமும் அந்த இடைவெளி வழியாகத்தான் போனாள். முதலாளி வந்து நின்று, "கம்பி முடியட்டும். முடிஞ்ச அன்னைக்கே மோட்டார் ரூம்ல இருந்து லைன் குடுத்துர்றேன்" என்றார். எனக்குச் சிறுமலை அடிவாரத்து வாடை மூக்கில் ஏறியது. கேட்டுக்கொண்டிருந்த அவள் கொழுந்தனுக்கும் கம்பிக்கு லைன் கொடுப்பது என்றால் என்ன என்று தெரியும்.

அன்று காலையில் தடத்தின் குறுக்கே முதல் வரிசைக் கம்பியை இழுத்தோம். கம்பி இழுப்பது இப்படி: ஒரு முனையை எதிர்க் கல்லில் கட்டிவிட்டு, மறு முனையைக் கடப்பாரையில் சுற்றிக்கொள்ள வேண்டும். கடப்பாரையைக் கல்லுக்கு முட்டுக் கொடுத்து ஒருவர் சாய்ந்து நெம்ப, பின்னால் இன்னொருவர் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு கம்பியைப் பிடித்து இழுக்க வேண்டும். நெம்பியது மேஸ்திரி. பின்னால் நான். கம்பி விறைத்து, காற்றுக்கு 'ம்' என்று முனக ஆரம்பித்தால் பதம் வந்துவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது.

அவள் பஸ்ஸில் பூவை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். காலையில் திறந்திருந்த வழியில் இப்போது நெஞ்சு உயரத்துக்குக் கம்பி. வெறும் கூடையைக் கீழே வைத்தாள்.

"நான் வீட்டுக்குப் போகணும்."

"ஓடையில எறங்கிப் போ" என்றார் முதலாளி.

"நான் என்ன ஆடா?"

"ஆடுன்னா கறிக்காவது ஆகும்."

சூளை ஆட்கள் சிரித்தார்கள். மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பியபடியே, "அக்கா, ஒதுங்கிக்குங்க, கம்பி பதத்துல இருக்குது" என்றார். கிளுவை வெட்டிய கோடாரி ஒன்று கல்லுக்காலில் சாத்தியிருந்தது. அவள் அதை எடுத்ததை நான் பார்த்தேன். வாயைத் திறப்பதற்குள் கம்பி கல்லில் கட்டியிருந்த இடத்தில் ஒரே போடு போட்டாள்.

இழுத்துப் பிடித்த முள்கம்பி அறுந்தால் அது கம்பியாக இருக்காது. சாட்டை மாதிரி ஒரு சத்தம்தான் கேட்டது. மேஸ்திரியின் முகத்தைச் சுற்றிக்கொண்டு, பிறகு என் கையில் ஏறி, சாக்கைக் கிழித்து, முழங்கை வரைக்கும் உழுதுகொண்டு போய் நின்றது. மேஸ்திரி மல்லாக்க விழுந்தார். கன்னத்தில் மூன்று முள், இடது கண்ணில் ஒன்று. அவர் கத்தவில்லை. "எடுடா, எடுடா" என்று மெதுவாகச் சொன்னார். கம்பி இன்னும் சுருளப் பார்த்தது. நான் அவர் தலையைத் தொடைக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் முள் ஒவ்வொன்றாக விடுவித்தேன்.

அதனால் அவளை அடித்ததை நான் முழுதாகப் பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டது. கூடை நசுங்கும் சத்தம். "அவ கைய ஒடிங்கடா" என்ற முதலாளியின் குரல். ஒடிந்த சத்தம் தனியாகக் கேட்டது, காய்ந்த விறகு ஒடிகிற மாதிரி. அவள் கெட்ட வார்த்தையில் அவர்களுடைய ஆத்தாளையும் அக்காளையும் திட்டிக்கொண்டே இருந்தாள். ஒடிந்தபோது மட்டும் ஒரு நிமிஷம் பேச்சு நின்றது. கொழுந்தன் தோட்டத்திலிருந்து மண்வெட்டியோடு ஓடி வந்தார். ஒருவனுடைய முழங்காலில் மண்வெட்டிக் காம்பு இறங்கியது. அவன் உட்கார்ந்துவிட்டான். இன்னொருவன் பின்வாங்கினான். முதலாளி ஜீப்புக்கு ஓடினார். ஜீப்பிலிருந்து எதையோ எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். வண்டியைக் கிளப்பத்தான் போனார். மேஸ்திரியையும் அடிபட்டவனையும் பின்னால் தூக்கிப் போட்டோம். அப்போதுதான் இடைவெளியை மூடச் சொன்னார். "ஸ்டேசனுக்கும் போயிட்டு வாரேன். நான் வரும்போது கம்பி கட்டியிருக்கணும்."

மேஸ்திரிக்குக் கண் போய்விட்டது. சில வருடம் கழித்து ஒட்டன்சத்திரம் சந்தையில் பார்த்தேன். இடது பக்கம் இமை உள்ளே ஒட்டியிருந்தது. "வாடா ஏழாப்பு. இப்ப நூல் பிடிக்க ஒரு கண்ண மூட வேண்டியதில்ல, வேல சுளுவு" என்றார். இன்னும் வேலிதான் கட்டிக்கொண்டிருந்தார்.

அன்று நான் அப்படிக் கையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தபோது பின்னால் டி.வி.எஸ். 50 சத்தம் கேட்டது. கொழுந்தன் ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் அவள். ஒடிந்த வலது கையைத் தென்னமட்டைத் துண்டு வைத்துச் சேலைக் கிழிசலால் கட்டியிருந்தார்கள். உதடு தடித்து, ஒரு கண் மூடியிருந்தது.

"நிப்பாட்டு" என்றாள் கொழுந்தனிடம். பிறகு என்னிடம், "ஏலே அப்பு, அந்தாளுக்குக் கண்ணு போச்சா?"

"தெரியலக்கா. ஒரே ரத்தமா இருந்துச்சு."

"நான் கம்பியத்தேன் வெட்டுனேன்."

"இழுத்துப் பிடிச்ச கம்பிய வெட்டக் கூடாதுக்கா."

"இதெல்லாம் முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"மதினி, கை வீங்கிட்டே வருது. பெறகு பேசுங்க" என்றார் கொழுந்தன்.

"இருடா செத்த நேரம்." என்னைப் பார்த்தாள். "எங்க போற?"

"திண்டுக்கல்லுக்கு."

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"நாளைக்குப் பூ எடுக்க எனக்கு ஆளு இல்ல. நான் ஆஸ்பத்திரில கெடப்பேன். இவன ஸ்டேசன்ல உக்கார வச்சிருவாக. ஊர்ல ஒருத்தரும் பயந்துக்கிட்டு வர மாட்டாக. நாளைக்கு ஒரு நா அந்தத் தடத்துல கூடை போகலன்னு வையி, சோலி முடிஞ்சது. 'அவளே நடக்கிறத விட்டுட்டா'ன்னு அவன் ஊரக் கூட்டிச் சொல்லிப்புடுவான். பெறகு கம்பி, பெறகு கரண்டு."

"எனக்குப் பூ எடுக்கத் தெரியாதுக்கா."

"மொட்டா இருந்தா எடு. விரிஞ்சிருந்தா விடு. இதுக்கென்ன பத்தாப்பா படிக்கணும்?"

"அவனுக அடிப்பானுக."

"அடிக்கத்தேன் செய்வானுக" என்றாள். "கூடையக் கீழ போட்டுறாத."

வண்டி போய்விட்டது. நான் மெயின் ரோட்டுப் பக்கம் நடந்தேன்.

மெயின் ரோட்டு முக்கில் டீக்கடை. கடைக்காரர் என் கையைப் பார்த்துவிட்டு ஒரு செம்பு தண்ணீரும் கொஞ்சம் மஞ்சள்தூளும் கொடுத்தார். துண்டை நனைத்துப் பிரித்தபோது தோலும் கூடவே வந்தது. திண்டுக்கல் பஸ் வந்து நின்றது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. டவுனில் போய் இறங்கினால் கை கிழிந்தவனை யார் வேலைக்கு வைப்பார்கள் என்று யோசித்தேன். ரத்தம் சொட்டியபடி நிற்கிறவனிடம் கம்பியைக் கட்டச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறியவருடைய முகமும் ஞாபகத்தில் இருந்தது. அங்கேயே பெஞ்சில் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிவதற்கு முன்பே தோட்டத்தில் இருந்தேன். இடைவெளி அப்படியேதான் கிடந்தது. மேஸ்திரி இல்லாமல் எங்கள் ஆட்கள் கலைந்துபோயிருந்தார்கள். சூளை ஆட்களுக்குக் கம்பி இழுக்கத் தெரியாது. ஒருவன் மட்டும் அங்கே கம்பிச் சுருளைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவனைத் தாண்டிப் போய்ச் சம்பங்கிக்குள் இறங்கினேன். இடது கையால் பறிக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. விரிந்தது சிலதும் மொட்டோடு சேர்ந்து வந்துவிட்டது. பனியில் நனைந்த தண்டு கிழிந்த கையில் படும்போதெல்லாம் எரிந்தது. இரண்டு கூடை நிறைந்தது. ஒன்றின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தித் தலையில் ஏற்றிக்கொண்டு தடத்தில் நடந்தேன்.

அவன் எழுந்து கல்லுக்காலுக்கு நடுவில் நின்றான். கையில் உருட்டுக்கட்டை.

"டேய், நீ மேஸ்திரி ஆளுல்ல?"

"நேத்து வரைக்கும்."

"இன்னைக்கு?"

"பூ எடுக்கிறேன்."

"யாரு சொன்னா?"

"தோட்டக்காரம்மா."

தொடையில் முதல் அடி விழுந்தது. கால் மடங்கப் பார்த்தது. கூடையைப் பிடித்திருந்த இடது கையை மட்டும் விடவில்லை. வலது கை ராத்திரியோடு வீங்கிப்போய்த் தூக்க வராது. இரண்டாவது அடி தோள்பட்டையில். மூன்றாவது, ஏற்கனவே கிழிந்திருந்த கையில். கண் இருட்டியது. நான் அவனைத் திருப்பி அடிக்கவில்லை. அடிக்க என்னிடம் கை இல்லை. நடந்தேன். அவன் பின்னாலேயே வந்து முதுகில் போட்டுக்கொண்டே இருந்தான். தோப்பு ஓரம் முழுக்க அப்படியே போனோம், ஒருவன் பின்னால் ஒருவனாக. ரோட்டில் முதல் பஸ்ஸின் வெளிச்சம் தெரிந்ததும் நின்றுவிட்டான்.

கண்டக்டர் படியில் இறங்கி நின்றார். "அந்தம்மா வரலையா?"

"ஆஸ்பத்திரில இருக்காங்க. பூவ மட்டும் ஏத்தணும்."

என் தோளையும் கையையும் பார்த்தார். தோப்போரத்தில் கட்டையோடு நின்றவனையும் பார்த்தார். கூடையை வாங்கி டிரைவர் பக்கம் இஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். "எப்பவும் ரெண்டு நடையா ரெண்டு கூடை வருமே?"

"இன்னொண்ணு தோட்டத்துல இருக்கு."

"போய் எடுத்துட்டு வா. டிரைவர் டீ குடிக்கிற வரைக்கும் நிக்கும்."

திரும்பி நடந்தேன். அவன் மறுபடியும் கல்லுக்காலுக்கு நடுவில் போய் நின்றுகொண்டான்.